வளைவு வேண்டாம், உபதேசியார் வேண்டும்: சிவகங்கை மறைமாவட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கை மறைமாவட்ட ஆயர் அவர்களுக்கும், குருக்களுக்கும், மேய்ப்புப்பணிப் பேரவையினருக்கும் தோத்திரம்.

நான் திருவாடானைப் பக்கத்துக் கிளைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். 33 வருஷம் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் ஊரில் கத்தோலிக்கத் தலைக்கட்டு 42. அதில் 12 வீடு பூட்டிக் கிடக்கிறது. தேருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் திறக்கும். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் இது எங்கள் ஊர்ச் சண்டை, எங்கள் பங்குச் சாமியார் பற்றிய புகார் என்று முடிந்துவிடும். இது அது இல்லை.

2027 ஜூலை 25 வந்தால் நம் மறைமாவட்டத்துக்கு 40 வயது நிறைகிறது. இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன மாதம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர், மெயின் ரோட்டில் நினைவு வளைவு கட்டலாம் என்றார். இன்னொருவர் மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டலாம் என்றார். மூன்றாமவர் ஏசி போட்ட மண்டபம் என்றார், கல்யாணத்துக்கு வாடகைக்கும் விடலாமாம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கல்வெட்டில் பெயர் வரும் என்ற ஆசை கொஞ்சம் இருக்கலாம், அது எனக்கும் உண்டு. ஆனாலும் கூட்டம் முடிந்து டிவிஎஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரு சாவு வீட்டு ஞாபகம்தான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்துபோனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவர் வந்து சேர ராத்திரி ஆகும். எங்கள் சாமியாருக்குத் தலைமைப் பங்கோடு ஏழு கிளை ஊர். அன்றைக்கு இரண்டு கல்யாணம், சாயங்காலம் வேறு ஊரில் கொடியேற்றம். மறுநாள் காலையில் வந்து அடக்கம் செய்தார், முறையாகத்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது இடையில் இருந்த அந்த ராத்திரியைப் பற்றி. ஐஸ் பெட்டி மோட்டார் ஓடுகிறது, வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம், யாருக்கும் ஒரு மந்திரம் முழுசாக வாயில் வரவில்லை. ஒருவர் செல்போனில் பாட்டுப் போட்டார். கடைசியில் மகளிர் குழுவில் இருக்கிற ஒரு அம்மா எழுந்து போய் வீட்டிலிருந்து பழைய செபப் புத்தகத்தை எடுத்து வந்து வாசிக்க ஆரம்பித்தார். நாலு பக்கம் போயிருக்கும். ஒரு பையன், "உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்று கேட்டுவிட்டான். அந்த அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் செல்போன் பாட்டு.

என் தாத்தா இருந்திருந்தால் அந்த ராத்திரி அப்படிப் போயிருக்காது. அவர் எங்கள் ஊர் உபதேசியார்.

இளையவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. உபதேசியார் என்றால் சம்மனசு, அதாவது தேவதூதர் இல்லை, சாமியாரும் இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு ஊரில் குடியிருந்த ஆள். காலையும் மாலையும் மணி அடிப்பார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துப் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்குத் தயார்ப்படுத்துவார். பிறந்து மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். சாவு வீட்டில் விடிய விடிய செபம் முன்னின்று சொல்வார். புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் நடுவில் உட்காருவார். சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போனவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார். அறுவடையில் களத்துமேட்டில் வீட்டுக்கு இவ்வளவு என்று நெல் வரும். மழை பொய்த்த வருஷம் அதுவும் வராது. சாமியார் மாதம் ஒரு தடவை சைக்கிளில் வருவார். வந்ததும் முதலில் தாத்தாவின் நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் படுத்த படுக்கை, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரி 1988இல். அதாவது மறைமாவட்டம் பிறந்த அடுத்த வருஷம். அவருக்குப் பிறகு எங்கள் ஊருக்கு யாரையும் போடவில்லை.

உங்களுக்கு வரலாறு சொல்லித்தர நான் யார்? ஆனால் நம் மண்ணின் வரலாற்றை நாம் திருவிழா மேடையில் சொல்கிற விதத்தில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஓரியூரில் வேதசாட்சியாக இறந்த போர்த்துகீசிய குரு அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) பற்றிப் பேசும்போது லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, பண்டாரசாமி வேஷம், தடியத்தேவர் மனம் மாறியது, கிழவன் சேதுபதியின் கோபம், 1693 பிப்ரவரி 4 சாம்பல் புதன் அன்று வெட்டுப்பட்டது, சிவந்த மண் என்று வரிசையாகப் போவோம். 1647இல் பிறந்த அந்த மனிதர் 1686இல் முதல் தடவை பிடிபட்டு அடி உதை பட்டபோது தனியாகவா இருந்தார்? கூடவே அவருடைய உபதேசியார்களும் பிடிபட்டார்கள், அவர்களும் அதே அடியைத்தான் வாங்கினார்கள். 1947இல் ரோமில் புனிதர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. உபதேசியார்களுக்குச் சுரூபம் இல்லை, சரி, பெயராவது மேடையில் சொல்லலாம்.

அப்புறம் இன்னொன்று. 1773இல் இயேசு சபையையே பாப்பரசர் கலைத்துவிட்டார். பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் மறுபடி மதுரை மறைப்பணிக்கு வந்து சேர்ந்தது 1830களின் கடைசியில். இடையில் அறுபது வருஷத்துக்கு மேல். அந்தக் காலத்தில் இந்த வறண்ட சீமையில் குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருஷக்கணக்கில் பூசை காணாத ஊர்கள் இருந்தன. ஆனாலும் ஊர் ஊராக நம் கிறிஸ்தவ வேதம் மிச்சம் இருந்தது என்றால், பாட்டிமார்களும் உபதேசியார்களும் வாயால் சொல்லிச் சொல்லிக் காத்ததுதான். சருகணித் தேருக்கு மருது சகோதரர்கள் மானியம் விட்டதைப் பெருமையாகச் சொல்கிறோமே, அதுவும் இந்த இடைக்காலத்தில்தான். ராஜா மதிக்கிற அளவுக்கு நம் திருச்சபை உயிரோடு இருந்திருக்கிறது. அப்படி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடியானவர்கள்.

அந்த மதுரை மறைப்பணியிலிருந்து திருச்சி மறைமாவட்டம், 1938இல் அதிலிருந்து மதுரை, 1987இல் மதுரையிலிருந்து சிவகங்கை. சிவகங்கை, இராமநாதபுரம் இரண்டு மாவட்டமும் நம் எல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு உலகம்; முதுகுளத்தூர், கமுதி வேறு உலகம்; பாம்பன் பாலம் தாண்டினால் இன்னொரு உலகம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவையும் பார்க்க முடியாது என்றுதான் பிரித்தார்கள். அது நியாயம். முதல் ஆயர் எட்வர்ட் பிரான்சிஸ் ஆண்டகை காலத்திலும், 2005க்குப் பிறகு சூசைமாணிக்கம் ஆண்டகை காலத்திலும் புதுப் பங்குகள் பிரிந்தன, கோயில்கள் எழுந்தன, பள்ளிகள் உயர்ந்தன. பஸ்ஸே வராத ஊர்ப் பிள்ளைகள் சிஸ்டர்மார்களின் விடுதியில் தங்கிப் படித்து நர்ஸாகவும் டீச்சராகவும் ஆனார்கள். என் மகளும் அப்படிப் படித்தவள்தான். இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதினால் நன்றி கெட்டவன் ஆவேன்.

ஆனால் வளர்ச்சியை நாம் அளக்கிற கோல் எது? ஒவ்வொரு வருஷமும் பங்குக் கணக்கில் எழுதுகிறோம்: கட்டிடம் இத்தனை, திருமுழுக்கு இத்தனை, திருமணம் இத்தனை. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கணக்கில் எழுத ஒரு கட்டம் இல்லை. கிளை ஊர்க் கோயில் வருஷத்தில் எத்தனை நாள் திறந்தது என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. எங்கள் கோயில் சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்குகிறது. வௌவாலுக்கு மட்டும் சாவி தேவைப்படவில்லை.

லெவே சாமியைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. பிரான்சில் பிறந்து, இயேசு சபைக் குருவாக நம் சீமைக்கு வந்து, 1973 மார்ச் 21இல் சருகணியிலேயே கண்ணை மூடியவர். இன்று இறை ஊழியர், அதாவது புனிதர் பட்டத்துக்கான முதல் படியில் இருக்கிறார். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் முதலில் அற்புதத்தைச் சொல்லமாட்டார்கள், தண்ணீரைச் சொல்வார்கள். பஞ்சம் வந்தபோது கண்மாயும் ஊருணியும் வெட்டச் சொல்லி, வெட்டினவனுக்குத் தானியம் கூலி கொடுத்தார் என்பார்கள். ஊருணி இருந்தால்தான் பெண் கொடுப்பான் என்கிற சீமை இது. அந்தக் கிழவனாருக்கு அது புரிந்திருந்தது. இப்போது கண்மாய்க்குள் போனால் சீமைக்கருவேலம். மடை அடைந்து, வரத்துக்கால் தூர்ந்து, பெய்கிற மழையும் நிற்காமல் போகிறது. நூறு நாள் வேலையில் கரையைச் சுரண்டுகிறார்கள், அதோடு சரி. எந்த வரத்துக்கால் எங்கே அடைந்திருக்கிறது என்று ஊரில் இருக்கிற ஒருவர் நின்று கேட்டால்தான் வேலை நடக்கும். கேட்கிற வயசில் இருக்கிற ஆள் எல்லாம் திருப்பூரிலும் சென்னையிலும் சவுதியிலும்.

இங்கேதான் என் பழைய உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிளை அஞ்சலகத்தில் சில நாள் ஒரு தபால்கூட வராது. ஆனாலும் தபால் துறை அங்கே ஒரு ஆளை வைத்திருந்தது. நாளுக்கு நாலைந்து மணி நேர வேலை, முழுச் சம்பளம் கிடையாது, வேறு பிழைப்பும் கொஞ்சம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்: அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். அதனால்தான் முதியோர் பென்ஷன் வாங்கும் கிழவிக்குக் கையெழுத்து வராது, ரேகைதான் என்பது எனக்குத் தெரியும். எந்த வீட்டு மணியார்டர் திடீரென்று நின்றது என்பதும் தெரியும். வெள்ளைக்காரன் போட்ட திட்டம் என்று சிரிக்கலாம். நம் உபதேசியார் முறை அதைவிடப் பழசு. தபால் துறை தன் ஆளை விடவில்லை, நாம் விட்டுவிட்டோம்.

என் கோரிக்கை இவ்வளவுதான். 40ஆம் ஆண்டுக்கு ஒரு கட்டிடமும் வேண்டாம். முதல் வருஷம் 40 கிளைக் கிராமங்களில், அந்தந்த ஊரிலேயே குடியிருக்கும் 40 பேரை உபதேசியாராகப் போடுங்கள். ஆணோ பெண்ணோ, நம் ஊர்களின் இன்றைய நிலைமையில் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். மாதம் 6,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வைத்தால் வருஷத்துக்கு 28 லட்சத்து 80 ஆயிரம். மண்டபம் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொகை புதுசு இல்லை. எங்கள் பங்கில் போன திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி 2,000 ரூபாய். அதில் வாணவேடிக்கைக்கும் ரேடியோ செட்டுக்கும் போனது எவ்வளவு என்று கணக்கு வாசிக்கும்போது எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினாலே பாதிச் செலவு கிளை ஊர்களே கொடுத்துவிடும் என்று நினைக்கிறேன். தாத்தாவுக்கு நெல் கொடுத்தவர்களின் பேரன்கள்தானே.

இது பழைய காலத்துக்குத் திரும்பும் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ரோம் அப்படி நினைக்கவில்லை. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வியாளர் (நம் பாஷையில் உபதேசியார்) பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக நிறுவினார். பொதுநிலையினருக்கான பணி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பதோடு முடிகிற பணியாக அதை நினைக்கவில்லை. ஆயர் தம் கையால் திருச்சடங்கோடு நியமிக்கிற பணி. சட்டம் ரெடி, சடங்கு ரெடி. நம் மறைமாவட்டத்துக்கு இதற்கான சொல்கூட முந்நூறு வருஷமாகத் தயாராக இருக்கிறது.

குருக்கள் போதாதா என்று கேட்பார்கள். நமக்கு இறையழைத்தல் குறைவில்லை. நம் குருக்கள் சிலர் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பங்கு பார்க்கிறார்கள். அங்கேயும் ஆள் வேண்டும், சரி. ஆனால் கூடுதலாகப் பத்துக் குருக்களை எங்கள் பக்கம் அனுப்பினாலும் ஏழு ஊர் நாலு ஊராகும், அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் மாற்றல் வரும். நோட்டு மறுபடி வெறுமையாகும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். இதை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம்தான். உபதேசியார் என்றால் யார் வீட்டு ஆள்? இந்தக் கேள்வி எழாத ஊர் நம் மறைமாவட்டத்தில் எத்தனை? தேர் எந்தத் தெரு வரை வரும், எங்கே திரும்பும், கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம், மண்டகப்படி முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருக்கிற ஊர்கள் இருக்கின்றன. என் தாத்தா நல்லவர். ஆனால் அவர் சில வீடுகளில் வாசலில் நின்றே செபம் சொல்லிவிட்டு வந்தவர் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அவருடைய நோட்டில் அந்தத் தெருவுக்கு எட்டுப் பக்கம்தான். எங்கள் தெருவுக்கு முப்பது.

தபால்காரனுக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் பக்கத்தில் சிலருக்கு இரண்டு பெயர். சர்டிபிகேட்டில் ஒன்று, ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று. அரசாங்கக் கடிதம் ஒரு பெயருக்கு வரும், கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வேறு பெயரில் வாசிப்பார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவன் ஆன தலித்தைப் பட்டியல் சாதி இல்லை என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, நம்மவருக்கு இன்னும் இல்லை. அதற்காக ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிறது. டெல்லியைப் பார்த்துக் கறுப்புக் கொடி காட்டுகிற கை, ஊர்க் கல்லறைச் சுவரைத் தொடத் தயங்கக் கூடாது. ஆகவே அந்த 40 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஊர்ப் பெரியவர்கள் கொடுக்கும் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து ஒரு பெண்ணை ஊர் முழுவதற்கும் உபதேசியாராக ஆயர் போட்டார் என்றால், பத்து மாநாட்டுத் தீர்மானம் செய்யாததை அது செய்யும். சண்டை வரும். வரட்டும். அப்போது ஆயர் வந்து கோயில் திண்ணையில் ஒரு ராத்திரி உட்கார வேண்டும்.

கடற்கரைப் பங்குகளைப் பற்றிப் பேச மேட்டுக்காட்டுக்காரனுக்குத் தகுதி குறைவு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு கரை மீனவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிலுவைப்பாதை செய்தார்கள், அப்புறம் சோப்பும் துணியும் கைமாறின. நம் கடற்கரை ஊர்களில் ஒன்று கவனித்தேன். படகு பிடிபட்டால் பெண்கள் முதலில் ஓடிவருவது சாமியார் வீட்டுக்குத்தான், சாமியார் கூடவே இருக்கிறார், ஊர் பெரிசு, கோயில் தினமும் திறந்திருக்கிறது. எங்கள் வானம் பார்த்த பூமியில் பிடிபடுகிறவர்கள் வேறு விதம். வட்டிக்காரனிடம், ஏஜெண்டிடம், செங்கல் சூளையில் வாங்கிய முன்பணத்தில். சத்தம் இல்லாமல் பிடிபடுகிறார்கள். அதைப் பார்க்க ஊரில் கண் வேண்டும்.

சரி, 40 பேருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் ஊருக்கு ஆள் இருக்கிறது. சாவு வீட்டில் புத்தகத்தை மூடினாரே, அந்த அம்மாதான். பத்தாவது வரை படித்தவர். மகளிர் குழுக் கணக்கை எட்டு வருஷமாக ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறார். எங்கள் தெரு இல்லை, அந்த எட்டுப் பக்கத் தெரு. இந்த மடலை எழுதுவதற்கு முன் அவரிடம் போய், கேட்டால் செய்வீர்களா என்று கேட்டேன். ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "சம்பளம் குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டி போகட்டும் மாமா. ஆயர் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் மட்டும் வாங்கித் தாங்க. அடுத்த தடவ அந்தப் பய கேட்டா எடுத்துக் காட்டணும்."

லெட்டர் வந்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அந்த வேலை எனக்குப் பழக்கம்தான்.